அமெரிக்கப் புறநகர்ப் பள்ளி ஒன்று

விழா மலருக்கு எழுதுவோர் தம் கல்லூரியின் புகழை எழுதுவதே மரபு. அம்மரபை ஏனைய அன்பர்கள் இம்மலரிற் குறைவறக் காத்திருப்பர் என்னும் நம்பிக்கையோடு, நாம் கடல் கடந்த பள்ளி ஒன்றைப் பற்றிச் சில பக்கங்கள் எழுத முற்படுகின்றோம். அப்பள்ளி சிக்காகோ நகரை அடுத்துள்ளது. சிக்காகோ என்னும் பெயர் நம்மவர்க்குப் புதியதன்று. 1893ஆம் ஆண்டில் அந்நகரிற் கூடிய சர்வசமய மகாசபையிற் பேசிப் புகழ்பெற்ற விவேகானந்த அடிகள், 1897 சனவரியில் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றிச் சென்றமையை முதியோர் வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

நாம் இப்பொருளை எடுத்தமைக்குக் காரணம் வேறொன்றுண்டு. நம் நாட்டு இந்துக் கல்லூரிகளிற் பல ஊரவர் ஒன்றுகூடிப் பொருள் திரட்டி எழுப்பியவை. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அவற்றுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு மாறின. ஆகவே, ஒரு பள்ளி யாருக்கு உரியது, ஊருக்கா, அரசுக்கா, அங்குப் பயில்வோர்க்கா என்னும் வினா நமக்குப் பழகிய வினாவே. அமெரிக்கர் இதற்கு ஐயமின்றி ‘ஊருக்கே’ என்று விடை கூறிவிட்டனர். அவ்விடையால் விளைந்த நன்மையையும் தீமையையும் ஒருங்கே காண்பதற்கு நியூ ட்ரையர் உயர்தரப் பள்ளியினும் தக்கதோர் எடுத்துக்காட்டு அரிது.

பெயரிலிருந்து தொடங்குவோம். ஐக்கிய அமெரிக்கா விடுதலை பெற்ற சில ஆண்டுகளுள், 1785 இல், மேற்கு நிலங்களை அளந்து விற்பதற்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறப்பித்தது. அதன்படி நிலம் பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட சதுரங்களாக வகுக்கப்பட்டது. சதுரம் ஒவ்வொன்றும் 36 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுள் 16ஆம் துண்டு பாடசாலைக்கென ஒதுக்கப்பட்டது. குடியேறுவோர் காலடி வைக்குமுன்னரே, காட்டிலும் புல்வெளியிலும் பள்ளிக்கூடத்துக்குப் பங்கு வைத்துவிட்டனர் என்க. இச்சதுரங்களை அடியாகக் கொண்டெழுந்த ஊராட்சிப் பிரிவே டவுன்ஷிப் எனப்படுவது. மிச்சிகன் பேரேரியின் மேற்குக் கரையில், ஜெர்மனி நாட்டு ட்ரையர் நகர்ப்புறத்திலிருந்து வந்து குடியேறிய உழவர்கள், 1850 இல் அமைந்த தம் டவுன்ஷிப்புக்கு நியூ ட்ரையர் எனத் தாய்நகரின் பெயரைச் சூட்டினர்.

உழவர் நிலம் நெடுங்காலம் உழவர் நிலமாக இருக்கவில்லை. 1855 அளவில் ஏரிக்கரை வழியே புகையிரதப் பாதை அமைந்தது. 1871 இல் சிக்காகோ நகரைப் பெருந்தீ அழித்தபின், வசதியுடையோர் நகரிற் பொருளீட்டி ஏரிக்கரையில் இல்லறம் நடத்தும் வழக்கம் பெருகிற்று. காலையிற் புகையிரதமேறி நகரத்துக்குச் செல்வதும் மாலையில் மரநிழல் செறிந்த தெருக்களுக்கு மீள்வதும் அவர்தம் வாழ்க்கையாயின. வில்மெற், கெனில்வேர்த், வின்னெற்கா, கிளென்கோ, நோர்த்பீல்ட் என்பன இவ்வாறு எழுந்த சிற்றூர்கள். வின்னெற்காவின் மக்கட்டொகை இன்றும் பன்னீராயிரத்துக்குச் சற்றே மேற்பட்டது. இந்த டவுன்ஷிப்புக்கென 1901 இல் வின்னெற்காவில் திறக்கப்பட்ட பள்ளியே நியூ ட்ரையர். இன்று அதில் ஏறக்குறைய நாலாயிரம் மாணவர் பயில்கின்றனர். ஒன்பதாம் வகுப்பினர் மட்டும் நோர்த்பீல்டிலுள்ள வளாகத்திலும், மற்றை மூன்று வகுப்பினரும் வின்னெற்காவிலும் கற்கின்றனர். நோர்த்பீல்ட் வளாகம் 1965 இல் தனிப்பள்ளியாகத் திறக்கப்பட்டது. பிள்ளைகளின் தொகை குறைந்தபோது, எண்பதுகளின் தொடக்கத்தில், அது பழைய பள்ளியோடு மீண்டும் இணைக்கப்பட்டது.

இனி, இப்பள்ளியை நடத்துவோர் யாவர் என்று பார்ப்போம். வாஷிங்டனிலுள்ள மத்திய அரசாங்கமன்று. இல்லினோய் மாநில அரசும் நேரே நடத்துவதில்லை. ஊரவர் வாக்களித்துத் தெரிந்த எழுவர் கொண்ட கல்விச் சபையே பள்ளியின் தலைமை. சபையினர்க்குச் சம்பளம் கிடையாது. வழக்கறிஞர், வணிகர், பிள்ளை வளர்க்கும் தாயர் ஆகியோர் இச்சபையில் அமர்ந்து, மேலதிகாரியை நியமிப்பது முதல் கூரை பழுதுபார்ப்பது வரை யாவற்றையும் முடிவுசெய்கின்றனர். கூட்டங்கள் வெளிப்படையாக நடைபெறல் வேண்டும். ஊரவர் எவரும் எழுந்து பேச உரிமையுண்டு என்பது மாநிலச் சட்டம். அவ்வுரிமையை ஊரவர் வீணாக விடுவதில்லை. கணித பாடத்தை எத்தனை படித்தரங்களாக வகுப்பது என்பது போன்ற வினாவும் நள்ளிரவு வரை இழுபடுவதுண்டு.

இன்னொரு விந்தையும் உண்டு. கீழ்வகுப்புப் பள்ளிகள் இச்சபையின் கீழ் வருவன அல்ல. அவற்றை வேறு ஆறு கல்விச் சபைகள், தத்தம் எல்லைக்குள், தத்தம் வரிப்பணத்தாலே நடத்துகின்றன. அவற்றுள் வின்னெற்காவின் சபை கல்வி வரலாற்றிற் பெயர் பெற்றது. கார்ள்ற்றன் வோஷ்பேண் என்பார் 1919 முதல் 1943 வரை அங்கு மேலதிகாரியாக இருந்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்திற் கற்கும் ‘வின்னெற்கா முறை’யை வகுத்தார். 1940 இல் எழுந்த குரோ ஐலண்ட் ஆரம்பப் பள்ளி, சாரினென் தந்தையும் மகனும் பங்குகொண்டு வரைந்த கட்டடம். பிள்ளையின் உயரத்துக்கேற்ப யாவும் அமைந்த அப்பள்ளியைக் காணக் கட்டடக் கலைஞர் இன்றும் செல்கின்றனர்.

பணம் எங்கிருந்து வருகின்றது? இதுவே நாம் சற்று நின்று நோக்க வேண்டிய இடம். நம் நகரசபைகள் அறவிடும் சோலைவரியை ஒத்த ஆதனவரி அங்கு உண்டு. ஆனால் அது நம் சோலைவரி போன்று சிறு தொகையன்று. வீட்டுடையார்க்கு வரும் வரிச்சீட்டிலே ஊராட்சி, பூங்கா, நூல்நிலையம், ஆரம்பப் பள்ளி, உயர்தரப் பள்ளி என ஒவ்வொன்றுக்கும் உரிய தொகை தனித்தனியே பொறிக்கப்பட்டிருக்கும். அதிற் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கே செல்வது. நியூ ட்ரையரின் வருவாயிற் பெரும்பங்கு இவ்வழியே வருகின்றது. பிள்ளையில்லாதோரும், பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய முதியோரும் இவ்வரியைக் கொடுத்தே தீரவேண்டும். அவர்களிற் பலர் முகங் கோணாது கொடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளி சிறந்து விளங்குமாயின் ஊரில் வீட்டின் விலை உயரும். வீடு வாங்க வருவோர் கூரையையும் கிணற்றையும் பார்ப்பதற்கு முன் பள்ளியின் பெயரைக் கேட்கின்றனர். அன்பும் ஆதாயமும் இவ்வளவு நெருங்கிப் பின்னிக் கிடக்கும்போது எது எதுவெனப் பிரித்தறிதல் அவ்வூரார்க்கே இயலாது என்று நாம் எண்ணுகின்றோம்.

பெருங்கடன் பட்டுக் கட்டடம் எழுப்ப விரும்பினால், கல்விச் சபை ஊரவரின் வாக்கைப் பெறவேண்டும். 2010 பெப்ருவரியில், பழைய கட்டடங்களை இடித்துப் புதுக்குவதற்கு 17 கோடியே 40 இலட்சம் டொலர் கடனுக்கு வாக்குக் கேட்கப்பட்டது. நாடெங்கும் பொருளாதாரம் தளர்ந்திருந்த காலம் அது. ஊரவர் மறுத்துவிட்டனர். சபையினர் திட்டத்தைச் சுருக்கி, ஊர்க்கூட்டங்கள் பல நடத்தி, 2014 நவம்பரில் 8 கோடியே 90 இலட்சம் டொலருக்கு மீண்டும் கேட்டனர். இம்முறை வாக்காளர் இசைந்தனர். 2017 இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. செல்வர் நிறைந்த ஊரிலும் பள்ளி கைநீட்டிக் கேட்க வேண்டியிருந்தது என்பதும், ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்டபின் பணிந்து கணக்குக் காட்ட வேண்டியிருந்தது என்பதும் நம் கருத்தைக் கவர்கின்றன. அமைச்சின் சுற்றுநிருபத்துக்குக் காத்திருக்கும் நமக்கு இது புதுமையே.

பள்ளியின் அகவாழ்வுக்கு வருவோம். பதினான்கு வயதளவிற் புகும் மாணவர் நான்காண்டு கற்று, பதினெட்டு வயதில் வெளியேறுவர். நாடு முழுவதற்கும் பொதுவான இறுதிப் பரீட்சை ஒன்றில்லை. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என ஒவ்வொன்றிலும் குறித்த அளவு பாடங்களை முடித்தோர் தேறியவராவர். இசை, ஓவியம், மரவேலை, கார்ப் பொறி, நாடகம் என்பனவும் பாடங்களே. எல்லா மக்களின் பிள்ளைகளும், சர்வகலாசாலைக்குச் செல்வோரும் தொழிலுக்குச் செல்வோரும், ஒரே கூரையின் கீழ்க் கற்பதே அமெரிக்கப் பள்ளியின் இலட்சியம் என்று ஹார்வார்ட் சர்வகலாசாலையின் முன்னைத் தலைவர் ஜேம்ஸ் கோனன்ற் 1959 இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். நியூ ட்ரையரிலோ தேறுவோரில் மிகப் பெரும்பாலார் மேற்படிப்புக்கே செல்பவர். ஒரே கூரை உண்டு. ஆயின் அதன் கீழ் எல்லா மக்களும் இலர்.

இப்பள்ளியின் தனிச்சிறப்பாக நாம் கருதுவது ஆலோசகர் முறை. 1920களில் தொடங்கிய ஏற்பாடு இது. புதிதாக வரும் மாணவர் இருபத்தைவர் அளவில் ஒரு குழுவாக ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்படுவர். நெடுங்காலமாக ஆண்பிள்ளைகளுக்கு வேறு, பெண்பிள்ளைகளுக்கு வேறு எனக் குழுக்கள் அமைந்துவந்தன. ஒவ்வொரு நாளும் காலையில், பாடம் தொடங்குமுன், அக்குழு கூடும். அங்குப் பாடமில்லை. பிள்ளை ஏன் வாடியிருக்கின்றான், எந்த பாடத்திற் பின்தங்கினான், எந்த விளையாட்டிற் சேரலாம், வீட்டில் யாதேனும் துன்பமுண்டோ என்றறிவதே அவ்வாசிரியரின் கடன். முதலாண்டில் அவர் ஒவ்வொரு மாணவனின் வீட்டுக்கும் சென்று பெற்றோரைக் காண்பது வழக்கம். நாலாயிரம் பேர் நடமாடும் கட்டடத்தில் ஒரு பிள்ளையின் பெயரும் முகமும் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். மாணவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிய நம் பழைய ஆசிரியர்களை நினைவிற் கொண்டோர்க்கு இவ்வழக்கம் அந்நியமாகத் தோன்றாது. வேற்றுமை யாதெனின், நமக்கு அது ஆசிரியர் ஒருவரின் குணத்தைப் பொறுத்தது. அவர்க்கோ அது பள்ளியின் விதி.

சமய வாழ்வு பள்ளியில் இல்லை. இல்லினோய் மாநிலத்துச் சம்பேன் நகரிலெழுந்த வழக்கொன்றில், பொதுப் பள்ளிக் கட்டடத்திற் சமயபாடம் நடத்துதல் அரசமைப்புக்கு மாறானது என 1948 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1962 இல் அரசு வகுத்த பள்ளிப் பிரார்த்தனையையும் விலக்கியது. காலையிற் பஞ்சபுராணத்தோடு பள்ளி தொடங்கப் பழகிய நமக்கு இது வெறுமையாகத் தோன்றலாம். ஆனால் பல சமயத்தவர் வரி கொடுக்கும் பள்ளியில் ஒருவரின் வழிபாட்டை மற்றவர் மீது சுமத்தலாகாது என்பதே அவர்கள் கண்ட முடிவு. தேவாலயமும் யூதர் ஆலயமும் தத்தம் தெருக்களில் இருக்கின்றன. ஊரவர் யாவரும் கூடும் இடமாகப் பள்ளி நிற்கின்றது.

அவ்வாறு கூடுவதைக் காண இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை மாலையே ஏற்றது. பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்க உதைபந்தாட்டம் அன்று நடைபெறும். விளக்கொளியில் வாத்தியக் குழு அணிவகுத்து வரும்; உற்சாகக் குழுவினர் துள்ளிக் குதிப்பர்; மாணவர் நீலமும் பச்சையும் அணிந்து ஆர்ப்பரிப்பர். பழைய எதிரி தெற்கே அடுத்துள்ள எவன்ஸ்ரன் பள்ளி. ஆண்டுக்கொரு முறை ‘வீடு திரும்பும் விழா’ எனப்படும் ஆட்டத்துக்குப் பழைய மாணவர் மனைவி மக்களோடு வந்து சேர்வர். நம்மவர் பெருந்துடுப்பாட்டப் போட்டிக்குக் கொழும்பிலிருந்து புகையிரதமேறி வந்த காட்சியை எண்ணிக்கொண்டால் மேலும் விளக்கம் வேண்டியதில்லை. ஆட்டத்தின் தரம் பற்றி நாம் யாதும் கூறோம்; நீச்சலிலேயே அப்பள்ளி மாநில வெற்றிகள் பல ஈட்டியது. 1972 இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் ஒன்று கல்வி நிலையங்களிற் பெண்களுக்குச் சமவாய்ப்பு அளிக்குமாறு பணித்தபின், பெண்பிள்ளைகளின் விளையாட்டும் பெரிதும் வளர்ந்தது.

விளையாட்டில் நாட்டமில்லாதார்க்கும் இடமுண்டு. மாணவர் வெளியிடும் செய்தித்தாள், ஆண்டுமலர், மாணவர் நடத்தும் வானொலி நிலையம், அவரே எழுதி அவரே நடிக்கும் பல்சுவை மேடை நிகழ்ச்சி என்பன பல தலைமுறை கண்டவை. பெற்றோர் சங்கத்தினர் நுழைவுச்சீட்டு விற்பதும், நாடகத்துக்கு உடை தைப்பதும், சிற்றுண்டிச் சாலையில் நிற்பதும் ஊர்க் கடமைகளாக நடைபெறுகின்றன. மஞ்சள் நிறப் பஸ் வண்டிகள் பிள்ளைகளை ஏற்றி இறக்கும். அம்மஞ்சள் நிறம் 1939 இல் நியூயோர்க் கொலம்பியா சர்வகலாசாலையிற் கூடிய மாநாடொன்றில் நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்டது. விடியற்கால மங்கலிலும் அதிலெழுதிய கரிய எழுத்து தெளிவாகத் தெரியும் என்பதே காரணமாம்.

பழைய மாணவரைப் பற்றிக் கூறாது பழைய மாணவர் மலரில் ஒரு கட்டுரை முடியலாகாது. சாள்ற்றன் ஹெஸ்ரன், றொக் ஹட்சன் முதலிய திரைப்பட நடிகரும், பாதுகாப்பு அமைச்சராயிருந்த டொனால்ட் றம்ஸ்பெல்டும், நாவலாசிரியர் ஸ்கொற் ருறோவும் இங்குப் பயின்றோர். அவர்களை விடுத்து வேறொருவரின் வரலாற்றையே நாம் விரித்துரைக்க விரும்புகின்றோம்.

ஜக் ஸ்ரைன்பேகர் 1921 இல் ஜெர்மனி நாட்டுப் பாட் கிசிங்கென் என்னும் ஊரில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். ஹிற்லரின் ஆட்சி தொடங்கியபின், யூதப் பிள்ளைகளிற் சிலரை ஏற்று வளர்க்க அமெரிக்க யூத அறநிலையங்கள் முன்வந்தன. 1934 இல், பதின்மூன்று வயதில், அவரும் தமையனாரும் பெற்றோரைப் பிரிந்து கப்பலேறினர். பாணெற் வரோல் என்னும் சிக்காகோத் தானிய வணிகர் அச்சிறுவனைத் தம் வீட்டிற் சேர்த்துக்கொண்டார். அவ்வீட்டின் பயனாக அகதிச் சிறுவன் நியூ ட்ரையரில் மாணவனானான். சில ஆண்டுகளுள், அவ்வணிகரின் உதவியாலேயே பெற்றோரும் இளைய தம்பியும் வந்துசேர்ந்தனர். குடும்பம் சிக்காகோவிற் சிறு கடையொன்று நடத்திப் பிழைத்தது. உபகாரப் பணம் நின்றபோது ஸ்ரைன்பேகர் பகலில் மருந்து ஆய்வுகூடமொன்றில் உழைத்து, மாலையில் சர்வகலாசாலையிற் கற்று, வார இறுதியிற் கடையில் நின்றார். பின்னர் பௌதிக விஞ்ஞானியாகி, நியூத்திரினோ என்னும் நுண்துகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வகையுண்டு என்பதை லெடர்மன், சுவாற்ஸ் என்னும் இருவருடன் கூடிச் சோதனையாற் காட்டினார். அதற்காக மூவருக்கும் 1988 இல் நோபெல் பரிசு கிடைத்தது. தமக்குக் கிடைத்த நோபெல் பதக்கத்தை அவர் நியூ ட்ரையர் பள்ளிக்கே அளித்துவிட்டார். அவர் ஜெனீவாவில் ஆய்வு செய்தவர். பெரிய சர்வகலாசாலைகளிற் பணியாற்றியவர். பதக்கத்தை வைக்க அவருக்கு வேறு இடங்கள் இல்லாமலில்லை. 2020 இல், தொண்ணூற்றொன்பதாம் வயதில், அவர் மறைந்தார்.

ஒரு வீட்டின் கதவு திறந்ததாலே பள்ளியின் கதவும் திறந்தது என்பதை இவ்வரலாற்றிற் கவனித்தல் வேண்டும். ஏனெனின் எல்லார்க்கும் அவ்வீட்டுக் கதவு திறக்கவில்லை. கெனில்வேர்த் ஊரை 1889 முதல் உருவாக்கிய ஜோசப் சியேர்ஸ், வெள்ளையர்க்கன்றி விற்றலாகாது என்னும் நிபந்தனையோடு நிலத்தை விற்றார். இத்தகைய நிபந்தனைகள் நாடெங்கும் காணி உறுதிகளில் எழுதப்பட்டன. அவற்றை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என உச்ச நீதிமன்றம் 1948 இல் விதித்தது. விதித்தபின்னும் வீட்டுத் தரகர் கறுப்பின மக்களுக்கு இப்பகுதி வீடுகளைக் காட்டாது விட்டனர். பள்ளிக்குப் பூட்டு வேண்டியதில்லை. ஊருக்குப் பூட்டிருந்தது.

1965 கோடையில் வடகரைச் சிற்றூர்களின் இல்லத்தரசியரும் கல்லூரி மாணவரும் சேர்ந்து ஓர் இயக்கம் நடத்தினர். வீடு விற்போரின் வாயில்தோறும் சென்று, ‘கறுப்பினத்தவர்க்கு விற்பீரோ’ என்று வினவினர். தரகர் அலுவலகங்களுக்கு வெளியே நின்றனர். அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் மாட்டின் லூதர் கிங் வின்னெற்கா ஊர்ப் பசுந்திடலில் ஆயிரக்கணக்கானோர் முன் உரையாற்றினார். அந்நாட்களில் அவர் சிக்காகோவுக்கு வந்ததே அந்நகரப் பள்ளிகளின் இனப்பிரிவினையை எதிர்ப்பதற்காக. மறுநாள் நகரமண்டபத்தை நோக்கிப் பேரணி நடத்தினார். அவர் கொலையுண்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்பிரில் 11ஆம் நாள், வீட்டு விற்பனையில் இனவேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தாயிற்று. சட்டத்தால் நிறத்தின் தடை நீங்கிற்று. விலையின் தடை நின்றது.

விலையின் தடை பள்ளிக்குள் எவ்வாறு புகுகின்றது என்பதை முன்னரே கண்டோம். வீட்டு மதிப்பு உயர்ந்த ஊரில் சிறு வீதத்து வரியும் பெருந்தொகை தரும். மதிப்புக் குறைந்த ஊரில் கடும் வரியும் சிறுதொகையே தரும். ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரின் ஏழைப் பகுதிப் பெற்றோர் இம்முறை நீதியன்றென வழக்காடினர். 1973 இல் உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் அவர்க்கு எதிராகத் தீர்த்தது. கல்வி கூட்டாட்சி அரசமைப்பிற் கூறப்பட்ட அடிப்படை உரிமையன்று என்பதே தீர்ப்பின் சாரம். நீதியரசர் தேகுட் மாஷல் அத்தீர்ப்பை மறுத்து நெடிய உரை எழுதினார். 1991 இல் ஜொனதன் கோசொல் என்னும் எழுத்தாளர் தம் நூலொன்றிலே, சிக்காகோவின் ஏழைப் பள்ளிகளை நியூ ட்ரையரோடு அடுத்தடுத்து நிறுத்திக் காட்டியபின், அப்பள்ளியின் பெயர் நாடெங்கும் ஒரு குறியீடாயிற்று.

2008 செப்ரெம்பர் 2ஆம் நாள், சிக்காகோப் பள்ளிகள் திறந்த முதல் நாளில், ஏறக்குறைய ஆயிரம் மாணவர் தம் வகுப்புக்களுக்குச் செல்லாது பஸ் வண்டிகளிலேறி நியூ ட்ரையரின் நோர்த்பீல்ட் வளாகத்துக்கு வந்தனர். அழைத்துவந்தவர் மாநில மேற்சபை உறுப்பினரும் போதகருமான ஜேம்ஸ் மீக்ஸ். அன்று நியூ ட்ரையர் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 17,000 டொலர் செலவிட்டது. சிக்காகோவோ 10,000 டொலர் அளவிலேயே செலவிட்டது. வந்த மாணவர் வரிசையில் நின்று அனுமதி விண்ணப்பங்களை நிரப்பினர். பள்ளியார் அவர்களை இன்முகத்துடன் வரவேற்றனர். சச்சரவு யாதும் நேரவில்லை. எல்லைக்குள் வசியாதார் ஆதலின் அவருள் ஒருவருக்கும் இடம் கிடையாது என்பது வந்தோர்க்கும் வரவேற்றோர்க்கும் முன்னரே தெரியும். பண்போடு நடந்த அந்நிகழ்ச்சியை, கலவரமாக முடிந்த பலவற்றினும் நினைந்து பார்க்கத் தக்கதென நாம் மதிக்கின்றோம்.

2017 பெப்ருவரி 28 இல் நியூ ட்ரையர், வழமைப் பாடங்களை நிறுத்தி, இனச் சமவுரிமை பற்றி ஒரு முழுநாட் கருத்தரங்கு நடத்திற்று. நாவலாசிரியர் கொல்சன் வைற்ஹெட் முதலானோர் உரையாற்றினர். அதற்குமுன் பெற்றோருட் சிலர், கருத்தரங்கு ஒருபக்கச் சார்புடையது, மாற்றுக் கருத்தினருக்கும் இடமளிக்க வேண்டும் என்று எதிர்த்தனர். வேறு சிலர் ஆதரித்தனர். கல்விச் சபையின் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஈற்றிற் கருத்தரங்கு திட்டமிட்டவாறே நடந்தது. பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது என்பதில் ஊர் இரண்டுபடும்போது, அச்சண்டையும் பள்ளி மண்டபத்திலேயே, பெயர் சொல்லி எழுந்து நின்று, நடைபெறுகின்றது. ஊருக்குரிய பள்ளி என்பதன் பொருளில் இதுவும் அடங்கும்.

அதே 2017 இல் இல்லினோய் மாநிலம் புதிய நிதிச் சட்டமொன்றை இயற்றிற்று. ஒவ்வொரு கல்விச் சபைக்கும் போதிய செலவு எவ்வளவு எனக் கணித்து, அதற்கு மிகத் தாழ்ந்து நிற்கும் சபைகளுக்கே மாநிலத்தின் புதுப்பணத்தை முதலிற் பங்கிடுமாறு அது விதிக்கின்றது. முன்னர் பெற்றதை எவரும் இழப்பதில்லை. ஏழைப் பள்ளிகளுக்கு இதனால் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உதவி கூடுகின்றது. எனினும் ஆதனவரியே அடித்தளமாக நிற்றலின், எல்லைக்கோடு அழியவில்லை.

ஆதலின் நியூ ட்ரையரிற் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் வீட்டு உறுதியையோ வாடகை ஒப்பந்தத்தையோ காட்டித் தாம் எல்லைக்குள் வாழ்வதை நிறுவவேண்டும். வெளியூரில் வாழ்ந்துகொண்டு, அறிந்தே பொய் முகவரி கொடுத்து, கட்டணமின்றிப் பிள்ளையைச் சேர்த்தல் இல்லினோயில் தண்டனைக்குரிய குற்றம். வீடற்ற பிள்ளைக்கோ இவ்விதி தளர்கின்றது. 1987ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டமொன்றின்படி, எல்லைக்குள் வந்து ஒதுங்கியிருக்கும் வீடற்ற பிள்ளையை, உறுதியோ ஒப்பந்தமோ கேளாது, அன்றைக்கே வகுப்பிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.